உறைபெட்டியில் இருக்கும் நம் ரத்தம்

(லிட்டில் இந்தியாவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1959-ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்’ என்ற இதழில் சிங்கப்பூரைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்களில் முதல் பெயர் டி. ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் முதல்வராக இருந்தவர் அவர். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1950 முதல் 1954 வரை இந்த ஊரில் நடந்த பிணப் பரிசோதனைகளின் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து இறந்தவர்கள் எந்த இனத்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். சீனர்களைவிட இந்தியர்களிடம் அந்த நோய் ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது.

இந்தியர்களுக்கு இதயநோய் மிகுதி என்று இன்று உலகமே பேசுகிறது. அதை எண்ணிக்கையோடு முதலில் சொன்ன ஆய்வுகளில் ஒன்று நம் ஊரிலிருந்து போனது. அந்தத் தலைமுறை இந்தியர்களில் பலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், விடியுமுன் சாலை பெருக்கியவர்கள். உட்கார்ந்து தின்று கொழுத்தவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லிவிட முடியாது. உடம்பு வணங்கி உழைத்த மனிதர்களுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்விக்குப் பதிவேட்டில் பதில் இல்லை. இறந்தவரின் இதயத்தில் அடைப்பு இருந்தது என்று மட்டும் அது சொல்லும். அடைப்பு ஏன் வந்தது, அவருடைய தம்பிக்கும் வருமா, வந்தபின் இதயம் எப்படிப் படிப்படியாகத் தளர்கிறது என்பதையெல்லாம் அறிய உயிரோடு இருப்பவரின் ரத்தம் வேண்டும். சில சமயம் அவருடைய இதயத்திலிருந்தே ஒரு சிறு துண்டு வேண்டும். அதை எப்படிக் கேட்கிறார்கள், எடுத்து என்ன செய்கிறார்கள், கொடுப்பவருக்கு என்ன உரிமை என்று பேசத்தான் வந்திருக்கிறேன். மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே உட்கார்ந்து சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவள் என்ற ஒரு தகுதிதான் எனக்கு உண்டு.

இதயம் இப்படித் தளர்வதை இதயச் செயலிழப்பு என்கிறார்கள். அதில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு நாற்காலியிலேயே தூக்கம். கணுக்கால் வீங்கி, காலுறையின் தடம் அழுந்திக் கிடக்கும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், நெடுநாள் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் இந்த நிலைக்கு வந்து சேர்கிறார்கள்.

நம் பகுதி மக்களிடம் இது எப்படி இருக்கிறது என்று பார்க்க, பேராசிரியர் கேரலின் லாம் தலைமையில் 2012-இல் ‘ஏஷியன்-எச்எஃப்’ பதிவேடு தொடங்கப்பட்டது. ஜப்பான், கொரியா தொடங்கி இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் வரை ஆசியாவின் 11 நாடுகள், வட்டாரங்கள். 46 மருத்துவ நிலையங்கள். 2016-இல் வந்த அறிக்கையில் 5,276 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களுடைய சராசரி வயது 60-ஐக்கூட எட்டவில்லை. மேற்கு நாடுகளில் இதே நோய் உள்ளவர்கள் ஏறத்தாழப் பத்து வயது மூத்தவர்கள். தென்கிழக்காசியாவில் இன்னொன்றும் தெரிந்தது: உடம்பைப் பார்த்தால் ஒல்லி, ஆனால் நீரிழிவு. குண்டாக இருப்பவருக்குத்தான் வரும் என்று நம்பி நம்மில் எத்தனை பேர் பலதுறை மருந்தகத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறோம்!

பத்து வயது முன்னதாக என்றால் குடும்பத்தில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பையன் இன்னும் தேசிய சேவையில் இருப்பான். வீட்டுக் கடன் முடிந்திருக்காது. டாக்சி ஓட்டும் அப்பாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும்.

‘ஏஷியன்-எச்எஃப்’ பதிவேட்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 2010-இல், இங்கே ‘ஷாப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு தொடங்கிவிட்டது. சிங்கப்பூரின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்தது. நியூசிலாந்தில் இதற்கு இணையாக ஓர் ஆய்வு நடந்தது. இரண்டிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். இதயத்தின் ஒலியலைப் படம், இசிஜி, அவற்றோடு ரத்தம். ஒருமுறை எடுத்ததோடு முடியாது. ஆறு வாரம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை. மருந்து சாப்பிட்டு உடம்பு தேறும்போது ரத்தத்தில் எது குறைகிறது, தேறாதவருக்கு எது குறையவில்லை என்று ஒப்பிட்டால்தான் அந்த ரத்தம் பேசும்.

சரி, எடுத்த ரத்தம் எங்கே போகிறது? படுக்கையில் இருப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் இறங்கும். உறையாமல் தடுக்கும் மருந்து அந்தக் குழாயின் உள்சுவரில் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். தாதி அதை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்து எடுப்பார். வேகமாகக் குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். உடனே பனிக்கட்டியில் வைப்பார்கள். அப்போதிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சில புரதங்கள் அறையின் சூட்டில் சில மணி நேரத்திலேயே சிதைந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் குளிரூட்டிய சுழற்சி இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் ரத்தம் பிரிந்து நிற்கும். அடியில் அடர்சிவப்பு, நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே வெளிறிய மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா. மரபணு அந்த வெள்ளைப் படலத்தில் இருக்கிறது. ஹார்மோன்கள், புரதங்கள் எல்லாம் மேலே மஞ்சளில். அந்த மஞ்சளை உறிஞ்சிச் சுண்டுவிரல் நுனியளவுச் சிமிழ்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஊற்றுவார்கள். ஒரே சிமிழில் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி மறுபடி உறையவைக்க வேண்டிவரும்; ஒவ்வொரு தடவையும் அது கெடும். சிமிழின் மேல் பெயர் இருக்காது, அடையாள அட்டை எண் இருக்காது. ஒரு பட்டைக்குறி மட்டும். பிறகு கழித்தல் 80 பாகை செல்சியஸில், எச்சரிக்கை மணி பொருத்திய உறைபெட்டியில், ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

அந்த மஞ்சளிலிருந்து கிடைப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூச்சிரைப்போடு அவசரப் பிரிவுக்குப் போகிறவருக்கு ‘என்டி-புரோபிஎன்பி’ என்ற ரத்தச் சோதனை செய்கிறார்கள். இதயச் சுவர் விரிந்து வருந்தும்போது அதுவே சுரக்கும் ஹார்மோனோடு வெளிவரும் துண்டு அது. அந்த ஹார்மோனை 1988-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் முதலில் கண்டது பன்றியின் மூளையில்! மனிதரிடம் அது பெரும்பாலும் இதயத்திலிருந்து வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த குழுவைச் சேர்ந்த பேராசிரியர் மார்க் ரிச்சர்ட்ஸ்தான் பின்னர் நம் தேசியப் பல்கலைக்கழகத்தின் இதய ஆய்வுக்கழகத்தை வழிநடத்தினார். இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. உடல் பருத்தவருக்கு அளவு குறைந்து காட்டும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கூடிக் காட்டும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். எந்த எண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பதை வேறெங்கோ வாழும் மக்களின் ரத்தத்தை மட்டும் வைத்து முடிவுசெய்தால் நம் அப்பாவுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

ரத்தத்தைவிட அரிது இதயத் திசு. சும்மா இருப்பவரின் இதயத்திலிருந்து ஆய்வுக்காக யாரும் துண்டு வெட்ட மாட்டார்கள். வேறு காரணத்துக்காக நெஞ்சைத் திறக்கும்போதுதான் கிடைக்கும். பைபாஸ் அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாயை வலது மேலறையின் ஓரத்தில் செருகுவார்கள். அந்த இடத்தில் சிறு துண்டு திசுவை எடுக்க முடியும். இதயத்துக்குத் துணைநிற்கும் பம்பு பொருத்தும்போது இடது கீழறையின் முனையில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தால்தான் குழாய் உள்ளே போகும். மாற்று இதயம் வைக்கும்போது பழைய இதயம் முழுதாக வெளியே வருகிறது. சிட்னியில் 1989 முதல் இப்படி வெளியே வந்த இதயங்களைச் விரைவாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சேர்த்த ஒரு திசு வங்கி இருக்கிறது. உலகின் பல ஆய்வுக்கூடங்கள் அங்கிருந்து துண்டுகளைப் பெற்றிருக்கின்றன. இல்லையென்றால் இவையெல்லாம் மருத்துவக் கழிவாக எரிந்துபோயிருக்கும்.

அப்படி எடுத்த சிறு துண்டுகளால் என்ன ஆயிற்று என்பதற்கு ஊட்ரமிலேயே சான்று இருக்கிறது. தேசிய இருதய நிலையத்தில் பைபாஸ் செய்துகொண்ட 80-க்கும் மேற்பட்ட நோயாளிகள் மேலறைத் திசு கொடுத்தார்கள். பேராசிரியர் ஸ்டூவர்ட் குக், செபாஸ்டியன் ஷேஃபர் குழு அதிலிருந்து உயிரணுக்களை வளர்த்தது. இதயத்தில் தழும்பு விழுந்து அது விறைத்துப்போவது ஏன் என்பது அவர்கள் கேள்வி. தழும்பைத் தூண்டும் பொருளை அந்த உயிரணுக்களுக்குக் கொடுத்தபோது எல்லாவற்றையும்விட ஓங்கி எழுந்தது ‘இன்டர்லூகின்-11’ என்ற புரதம். அதுவரை அந்தப் புரதம் நல்லது செய்யும், தழும்பைக் குறைக்கும் என்றே பலர் எழுதிவந்தார்கள். உண்மை அதற்கு நேர்மாறு என்று 2017-இல் ‘நேச்சர்’ இதழில் இந்தக் குழு எழுதியது. எலியிடம் மட்டும் பார்த்திருந்தால், அதுவும் மனிதப் புரதத்தை எலிக்குச் செலுத்திப் பார்த்திருந்தால், இந்த உண்மை இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ! அறுவைக்கு முந்திய நாள், அந்தப் பயத்துக்கு நடுவிலும், “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கையெழுத்திட்ட அந்த நோயாளிகளின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்ல விரும்புகிறேன்.

அடுத்த கேள்வி உடனே எழும், எழவும் வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020 ஜனவரியில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் மருந்து நிறுவனம் அதனுடன் ஒப்பந்தம் செய்தது. மருந்துகள் வெற்றிபெற்றால் ஒவ்வொன்றுக்கும் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கிடைக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. திசு கொடுத்தவருக்கு? ஒன்றும் இல்லை.

சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2002-இல் உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு, ஆய்வுக்குத் தரும் திசு கொடையாகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015-இல் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் வந்தது. அதன் ஆய்வுப் பிரிவுகள் 2017 நவம்பரிலும் திசு வங்கிப் பிரிவுகள் 2019 நவம்பரிலும் நடப்புக்கு வந்தன. மனிதத் திசுவை விற்பதும் வாங்குவதும் குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரை ஆய்வில் சேர்ப்பதும் குற்றம். போக்குவரத்துச் செலவு போன்றவற்றை ஈடுசெய்யலாம். திசுவின் மீதும் அதிலிருந்து பிறக்கும் அறிவுசார் சொத்தின் மீதும் உரிமை கோரமாட்டேன் என்பதைக் கொடுப்பவர் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும்.

இது நியாயமா? நான் நெடுநாள் யோசித்த விஷயம். ரத்தத்துக்கு விலை வைத்தால் முதலில் வரிசையில் நிற்பவர் பணமில்லாதவர்தான். சிறுநீரகம் விற்றவர்களின் கதை தமிழ்நாட்டில் நமக்குப் புதிதல்ல. சென்னையில் ஒரு குடியிருப்பே அதனால் பெயர்பெற்றது. ஆகவே விலை கூடாது என்ற முடிவு சரி என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் கொடுத்தவருக்கு வேறு கடன்கள் பாக்கி இருக்கின்றன. புரியும் மொழியில் கேட்பது ஒரு கடன். கண்டதைத் திரும்ப வந்து சொல்வது இன்னொரு கடன். இரண்டும் இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை.

ஒரு பெரியவரிடம் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவருடைய மனைவி. “ஏம்மா, இதுக்கு முன்னால எடுத்த ரத்தமே பத்தலையா?” என்றார். “அங்கிள், அது உங்க சிகிச்சைக்கு எடுத்தது. இது ஆராய்ச்சிக்கு. வேண்டாம்னாலும் உங்க சிகிச்சை மாறாது” என்றேன். மனைவி குறுக்கிட்டு, “டாக்டர் கோச்சுக்க மாட்டாரா?” என்றார். படிவத்தில் பல பக்கங்களில் எழுதியிருந்த எதைப் பற்றியும் அவர்கள் கேட்கவில்லை. அந்த அம்மாவின் ஒரு கேள்விதான் அவர்கள் மனத்தில் இருந்தது. நம் வீடுகளில் மருத்துவர் சொன்னால் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அந்த மரியாதையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது தவறு. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் சொன்னபின்தான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “சரி, முதல்லேருந்து சொல்லு” என்றார்.

சட்டம் சாட்சி ஒருவரையும் கேட்கிறது. பல ஆய்வுகளில், சம்மதம் பெறுபவர் தவிர இன்னொருவர் உடனிருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சாட்சிக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் எதற்குச் சாட்சி? அவசரத்துக்கு மகளை மொழிபெயர்க்கச் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. “அப்பா, ரத்தம் கேக்கறாங்க, கொடுங்க” என்று பத்து நிமிட விளக்கத்தை மகள் நான்கு சொல்லில் முடித்துவிடுவாள். அவள் மேல் குற்றமில்லை, அவளும் கலங்கியிருக்கிறாள். ஒவ்வொரு ஆய்வுக்கும் வாசித்தால் புரிகிற தமிழில் படிவம் வேண்டும். பெயருக்கு மொழிபெயர்த்த தமிழில் அல்ல, இந்தத் தேக்கா சந்தையில் பேசினால் விளங்குகிற தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருக்களை நிறைக்கும் நம் ஊழியர் தம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை அனுமதியில் வந்தவரிடம் முதலாளி ஏற்பாடு செய்த இடத்தில் வைத்து ரத்தம் கேட்டால், முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? அவரிடம் கேட்பதாக இருந்தால் முதலாளியும் முகவரும் இல்லாத இடத்தில், அவர் மொழியில், யோசிக்க நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும். கூடவே இதையும் கேட்கிறேன்: அந்த ரத்தத்தால் வரும் சிகிச்சை, ஊர் திரும்பியபின் அவருக்கு எட்டுமா? எட்டாது என்றால் அவரிடம் கேட்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

இவ்வளவு சொன்னபின் கொடுக்கவே வேண்டாமோ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொடுக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் வலுவான காரணம் மதுரையிலிருந்து வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை எஸ். தண்டபாணி, ஐதராபாத்தின் கே. தங்கராஜ் உள்ளிட்ட குழு, இதயத்தசை நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2009-இல் விரிவாக எழுதியது. தெற்காசியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் அது உண்டு. மற்ற மக்களிடம் பெரும்பாலும் இல்லை. இதயம் தளர்வதற்கான ஆபத்தை அது பல மடங்கு கூட்டுகிறது என்று அப்போது கணக்கிட்டார்கள். எத்தனை குடும்பங்கள் அஞ்சியிருக்கும்! ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து இன்னும் நிறைய தெற்காசியர்களின் ரத்தத்தை வைத்து மறுபடி ஆராய்ந்தபோது, தசை தடிக்கும் நோய்க்கான ஆபத்து விடுபட்ட அந்த எழுத்துகளால் வரவில்லை, சிலரிடம் மட்டும் அதோடு சேர்ந்து வரும் வேறொரு சிறு மாற்றத்தால் வருகிறது என்று தெரிந்தது. கோடிக்கணக்கானோரின் தலைமேல் இருந்த அச்சம் மிகச் சிலரோடு சுருங்கியது. கூடுதலாகச் சிலர் கை நீட்டி ரத்தம் கொடுத்ததால் அது நடந்தது. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்களான நாம் 9 விழுக்காடு. நாம் ஒதுங்கிக்கொண்டால் எண்ணிக்கை போதாமல் நம்மைப் பற்றிய விடைகள் அரைகுறையாகவே நிற்கும்.

‘ஹோட்டா’ என்னும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இருக்கிறதே, அதிலேயே இதுவும் அடங்காதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அடங்காது. அந்தச் சட்டத்தில் 2004 முதல் இதயமும் சேர்ந்திருக்கிறது என்றாலும் இறந்தவரிடமிருந்து அதன்படி எடுக்கும் உறுப்பு இன்னொருவருக்குப் பொருத்த மட்டுமே. ஆய்வுக்கு உயிரோடு இருப்பவரிடம் தனியாகக் கேட்டாக வேண்டும்.

உங்களில் முன்பே கையெழுத்திட்டவர்கள் சிலர் இருப்பீர்கள். படிவத்தின் நகல் வீட்டில் எங்காவது கோப்பில் இருக்கும். இன்றிரவு தேடி எடுத்துப் பாருங்கள். ஆய்வில் எதிர்பாராமல் உங்கள் உடம்பைப் பற்றி முக்கியமாக ஏதாவது தெரியவந்தால் உங்களைத் தேடிவந்து சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு கேள்வி அதில் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே குறியிட்டிருப்பார்கள். வேண்டும் என்று குறித்திருந்து, அதற்குப் பிறகு வீடு மாறியிருந்தாலோ கைப்பேசி எண் மாறியிருந்தாலோ அவர்களால் உங்களை எட்ட முடியாது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் உண்டு. நாளைக்கே அழைத்துப் புதிய முகவரியைக் கொடுங்கள். என் ரத்தத்தால் என்ன கண்டுபிடித்தீர்கள் என்றும் அப்படியே கேளுங்கள்.